துரை தமிழ் படித்த கதை

"ரெண்டு நாளாத் தடிமனா இருக்குங்கய்யா" என்று அம்மா சொன்னதும் கம்பவுண்டர் ஐயா அவளை மேலும் கீழும் பார்த்தார். "தடிமன் எங்கீங்க இருக்குது? எலும்பும் தோலுமாவல்ல நிக்கறீங்க!" என்றார். மருந்துக்கு நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த எங்கள் சனத்துக்குத் தடிமன் என்றால் ஜலதோஷம். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஐயாவுக்கு அது உடம்புப் பருமன். அம்மா மூக்கை உறிஞ்சிக் காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு மேஜையில் கையை ஊன்றியபடி வெகுநேரம் சிரித்தார். குன்னூருக்கு மேலே, ஜெகதளா தாண்டி இருந்த எஸ்டேட் டிஸ்பென்சரியில் அன்று எழுந்த சிரிப்பில்தான் தன் நாவல் தொடங்கியது என்று அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தாள். எங்கள் எஸ்டேட் மேனேஜர் வடக்கேயிருந்து வந்தவர். யார் மேனேஜராக வந்தாலும் எங்களுக்கு அவர் துரைதான். இந்தத் துரைக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. காலையில் எல்லோரையும் பெரட்டுக்கு நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும்போது அவர் ஆங்கிலத்தில் கத்துவார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழாக்கி இரண்டு மடங்காகக் கத்துவார். இதையும் தடிமனையும் சேர்த்து ஐயா ஒரு கதை கட்டினார். 'துரை தமிழ் படிக்கிறார்' என்று பெயர். தமிழ் தெரியாத துரை ஒருவர் ஆட்களோடு நேரடியாகப் பேசி வேலை வாங்க ஆசைப்பட்டு, ராசம்மா என்ற கொழுந்துக்காரியைத் தமிழ் சொல்லித்தரச் சொல்கிறார். அவள் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறாள். சீக்கிரம் பறியுங்கள் என்பதற்குத் தமிழ் என்னவென்று அவர் கேட்டால், "களைச்சுப் போயிட்டீங்க, கொஞ்சம் குந்துங்க" என்பாள். துரை மலையுச்சியில் நின்று, முகம் சிவக்க, விரலை நீட்டி அதைக் கர்ஜிப்பார். பெண்கள் பயபக்தியோடு உட்காருவார்கள். அவர் இன்னும் உரக்கக் கர்ஜிப்பார். சிலர் படுத்தே விடுவார்கள்.

எழுத எழுத ஐயா அதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிஸ்பென்சரி வராந்தாவில் படித்துக் காட்டினார். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்கள். சிரித்துச் சிரித்து இருமல் வந்தவர்களுக்கு ஐயா அங்கேயே மருந்து கொடுத்ததும் உண்டு. ராசம்மா தன்னைப் பார்த்து எழுதப்பட்டவள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒருநாள் ஒரு வரியில் அவள் குறுக்கிட்டாள். "துரைக்கு முன்னாடி அவ சிரிக்கமாட்டாங்கய்யா. சிரிச்சா மறுநாள் வேலை இருக்காது." ஐயா பேனாவை எடுத்து அங்கேயே அடித்துத் திருத்தினார். அதனால்தான் அந்த நாவல் முழுக்க ராசம்மா ஓரிடத்திலும் சிரிப்பதில்லை. படிக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவள் தலையைக் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பாள்.

அதில் ஒரு அத்தியாயம் மட்டும் வேறு மாதிரி. அதைச் சொல்ல, நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். குடும்பங்கள் கப்பலேறியபோது அம்மாவைப் பெற்றவள் இலங்கையிலேயே தங்கிவிட்டாள். அவள் இறந்துபோன செய்தி இங்கே வந்து சேர்ந்த மறுநாள் காலை, பெரட்டில் அம்மா ஒருநாள் லீவு கேட்டாள். பிணம் எடுத்துப் பல நாள் ஆகிவிட்டதே, இனி எதற்கு லீவு என்று கணக்கப்பிள்ளை கேட்டார். துரை கையை வீசினார். அம்மா அன்று முழுக்க மழையில் கொழுந்து பறித்தாள். சாயங்காலம் டிஸ்பென்சரி வாசலில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே வரவில்லை, மருந்தும் கேட்கவில்லை. ஐயா ஒரு தம்ளர் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றதை நான் பார்த்தேன்.

நாவலில் ராசம்மாவும் அதே போல லீவு கேட்கிறாள். ஆனால் 'முடியாது, வேலைக்குப் போ' என்பதற்கு அவள் துரைக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்த தமிழ், "போயிட்டு வா தாயி." துரை பூட்ஸ் காலால் தரையை உதைத்து, பல்லைக் கடித்து, அத்தனை பேர் கேட்க, "போயிட்டு வா தாயி" என்று உறுமுகிறார். துரை வாயாலேயே சொன்ன பிறகு கணக்கப்பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ராசம்மா கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். ஐயா இதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார்கள். அம்மா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். நிஜத்தில் கிடைக்காத லீவை அந்த மனிதர் கதையில் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைவிடப் பெரிதாக யாரும் எங்கள் சனத்துக்கு எதையும் தந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோயமுத்தூரில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகத்தைப் போட்டது. படித்தவர்கள் குறைவு. சில ஆண்டுகள் கழித்து எப்படியோ அது ஒரு சினிமா இயக்குநரின் கையில் கிடைத்திருக்கிறது. அவர் காரில் வந்து டிஸ்பென்சரி வாசலில் இறங்கினார். ஐயா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ஏனுங்க, இனி நம்ம கதைய ஊரே பாக்கப் போகுதுங்க" என்று லயத்துக்கு வந்து வீடு வீடாகச் சொன்னார். அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் நின்று, "உங்க ராசம்மாவுக்குத்தானுங்க முதல் கைதட்டு" என்றார். படப்பிடிப்பு கூடலூர்ப் பக்கம் நடந்தது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

படத்தின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் சொல்லப்போவதில்லை. வெளியான அன்றே குன்னூர் தியேட்டருக்கு ஐயா எங்களை அழைத்துப் போனார். இஸ்திரி போட்ட புதுச்சட்டை போட்டிருந்தார். அம்மா கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். நாவலில் துரைக்குப் பெயரே கிடையாது. படத்தில் துரைதான் கதாநாயகன், அவர் பேசுவதோ சுத்தமான தமிழ். ராசம்மாவை இரண்டாகப் பிளந்திருந்தார்கள். ஒரு பாதி, கசங்காத தாவணியில் ஆடிப்பாடிக் கொழுந்து பறிக்கிற சிவந்த பெண்ணாகத் துரையைக் காதலித்தது. மறு பாதி, முகத்தில் கரி பூசி, பல்லில் கறை தடவி, 'சிலோன் மாமா' என்று ஒரு நகைச்சுவை நடிகரானது. துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது போய், சிலோன் மாமா துரையிடம் ஆங்கிலம் கற்றுக்கொள்வதாக மாறியிருந்தது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் தியேட்டர் அதிர்ந்தது. நாங்கள் பேசுகிற மாதிரியேதான் அவர் பேசினார். தடிமன் என்றார், ஏலாது என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. சிலோன் மாமா ஓடிவந்து, பல்லை இளித்துக்கொண்டு, "மை மதர் டெட்டு துரை! மீ லீஃபு!" என்கிறார். துரை குறும்பாகச் சிரித்து, பக்கத்துச் செடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி அவர் கையில் கொடுக்கிறார். மாமா இலையையும் துரையையும் மாறி மாறிப் பார்த்து விழிக்கிறார். தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் சிரிப்புத் தாங்காமல் முன்சீட்டைக் குத்தினார். எங்கள் வரிசை மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தது. அம்மா ஐயா பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள்: "ஐயா, இது எந்த அத்தியாயம்?"

இடைவேளைக்கு வெளியே போன ஐயா திரும்பி வரவில்லை. நான் போகலாம் என்றேன். "இரு, முடிவையாவது பாத்துட்டுப் போவோம்" என்றாள் அம்மா. நாவலின் முடிவு அவளுக்கு மனப்பாடம். துரைக்குக் கடைசியில் உண்மை தெரிந்துவிடும். கொஞ்ச நாள் யோசித்துவிட்டு ஒரு காலையில் அவரே வந்து, அர்த்தம் தெரிந்தே, தாழ்ந்த குரலில், களைத்துப் போய்விட்டீர்கள், உட்காருங்கள் என்பார். அன்றைக்கு மட்டும் ஒருத்தியும் உட்காரமாட்டாள். படத்திலோ கல்யாணம் நடந்தது, சிலோன் மாமா கொழுந்து மூட்டைக்குள் தலைகீழாக விழுந்தார், விளக்குப் போட்டார்கள். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஐயா தூறலில் நனைந்துகொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவரும் எங்களோடு சேர்ந்து வருந்தியிருந்தால் அது ஒரு மாதிரி ஆறிப்போயிருக்கும். ஆனால் படம் ஓடியது. 'கதை' என்று அவர் பெயரைத் திரையில் பார்த்தவர்கள் குன்னூர்க் கடைவீதியில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எங்கள் துரை அவரைப் பங்களாவுக்கு அழைத்து விருந்து கொடுத்தார். துரையும் குடும்பத்தோடு படம் பார்த்துச் சிரித்தாராம். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் "மீ லீஃபு" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அம்மா ஒருநாள் டிஸ்பென்சரிக்குப் போனாள். நானும் கூட இருந்தேன்.

"ஒரு பேப்பர்ல எழுதுங்கய்யா. இது நான் எழுதுன கதை இல்லன்னு ஒரு வரி."

ஐயா ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே, "எழுதறனுங்க, எழுதறனுங்க" என்றார். பிறகு திரும்பிப் பார்க்காமல், "படம்னா அப்படித்தானுங்க இருக்கும். சனங்க சிரிக்கோணுமில்லீங்க" என்றார்.

"அந்தச் சனத்துல நாங்க இல்லீங்களாய்யா?"

ஐயா இன்னொரு ஊசியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். அவர் எழுதவில்லை. அன்றிலிருந்து அம்மா அந்த டிஸ்பென்சரிப் படி ஏறவில்லை. காய்ச்சலோடு குன்னூர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாளே தவிர, அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராந்தா காலியாகக் கிடந்தது. ஐயா ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போகும் வரை வேறொரு கதை எழுதவும் இல்லை.

நான் படித்து ஆசிரியையானேன். தமிழ்தான் கற்பிக்கிறேன். முதல் வேலையில் சேர்ந்த புதிதில், லீவு விண்ணப்பத்தை நீட்டினால் சக ஆசிரியர்கள், "என்ன டீச்சர், மீ லீஃபா?" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. எங்கள் சனம் எது என்று தெரிந்ததும் அவர்களுக்கு வாயில் வருவது அதுதான். ரோட்டோரத் தோட்டங்களில் இப்போதும் கார்கள் நிற்கின்றன. இறங்குகிறவர்கள் கொழுந்து பறிக்கும் கிழவிகளிடம் செல்போனை நீட்டி அந்த வசனத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். சிலர் சொல்லியும் காட்டுகிறார்கள். புத்தகம் எங்கும் கிடைப்பதில்லை.

சென்ற மாதம் ஊட்டியில் அந்தப் படத்துக்கு விழா எடுத்தார்கள். நாவலையும் படத்தையும் ஒப்பிட்டுப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஐயாவுக்கும் பொன்னாடை என்று தெரிந்தது. அம்மாவுக்கு இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. கேத்தியில் என்னோடுதான் இருக்கிறாள், கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. நான் புறப்படும்போது, "கையில மைக்கு குடுப்பாங்கல்ல? இன்னைக்காவது சொல்லுவாரு பாரு" என்றாள். இத்தனை காலம் அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மண்டபம் நிறைய இளைஞர்கள். நாவலைப் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. "போயிட்டு வா தாயி" அத்தியாயத்தை வாசித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள். எங்கே சிரிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்து ஐயாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலை ஆடியது, வாயில் பல் இல்லை. மைக்கைக் கொடுத்ததும் கூட்டம் ஒரே குரலில், "மீ லீஃபு! மீ லீஃபு!" என்று கத்தியது. அவர் மேடையில் என்னைத் தேடிப் பார்த்தார். பார்த்தது நிஜம். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "மை... மை மதர்..." என்றார். நின்றுவிட்டார். "மை லீஃபு டெட்டு" என்றார். மண்டபம் வெடித்தது. மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் தப்பாகவே சொன்னார். பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஐயா இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் நீர் வழிய அத்தனை சந்தோஷமாக அவரை நான் எங்கள் வராந்தாவில்கூடப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எழுந்து உட்கார முயன்றாள். "சொன்னாரா?"

"இல்லம்மா. அந்த வசனத்தச் சொன்னாரு. தப்புத் தப்பா."

"சனம் சிரிச்சுதா?"

"ம்."

"யாரப் பாத்து?"

"அவரப் பாத்துத்தான்."

அம்மா கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "அப்ப அவருக்கு இப்ப வெளங்கியிருக்கும்" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.