தவிட்டுக்கு வாங்கிய பொண்ணு

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னை முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். பெரியம்மா ஒரு பிடி தவிடு கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம். விற்ற பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம். வாங்கியவள் பெயருக்குத்தான் சொந்தக்காரி, பிள்ளை பெற்றவளிடமே வளரும். ஆனால் பெற்றவள் வாயால் மட்டும் "என் புள்ள" என்று சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு. அம்மா கஞ்சி ஊற்றினாள், பேன் பார்த்தாள், முதுகில் நாலு வைக்கவும் வைத்தாள். அந்த வார்த்தையை மட்டும் சொன்னதே இல்லை.

எமர்ஜென்சி சமயம் எனக்கு ஏழு வயதிருக்கும். ஊரே கிலி பிடித்துக் கிடந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு வேன் வருகிறதென்றால் ஆம்பிளைகள் மல்லாட்டைக் கொல்லையில், அதுதான் வேர்க்கடலைக் காட்டில், போய்ப் படுத்துக்கொள்வார்கள். மூன்று பிள்ளை இருந்தால் ஆளை விடமாட்டார்கள் என்று பேச்சு. பெரியம்மாவுக்கு இரண்டும் பையன்கள். "ஒரு பொண்ணு பெத்துட்டேன்னா போதும், அப்புறம் எந்த வேன் வந்தா இன்னா" என்பாள்.

வேனுக்கு முன்னால் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். எங்கள் வாசலில் நின்று என்னைக் காட்டி, "இது யார் பொண்ணும்மா?" என்றார். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பா மாட்டைப் பார்ப்பவர்போல் திரும்பிக்கொண்டார். அட, அந்த மனுஷராவது சொல்லியிருக்கலாம்! தடை பெற்றவளுக்குத்தானே?

"யாருதும்மா, சொல்லுங்க!"

அம்மாவின் உதடு அசைந்தது. அதைப் பார்த்துப் பதறிப்போய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா கத்தினாள். "என்னுதுதாங்க சார்! தவிட்டுக்கு வாங்கினேன், என் பொண்ணு!"

வந்தவருக்குத் தவிடாவது உமியாவது. அவர்கள் வீட்டுக்கு மூன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே வேன் வந்தது. கொல்லையில் படுத்திருந்த பெரியப்பாவை எழுப்பி ஏற்றினார்கள். "எனக்கு ரெண்டுதாங்க, ரெண்டுதாங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். ஆபரேஷன் முடிந்து திருவண்ணாமலையிலிருந்து திரும்பியவர், பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரியம்மா அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. தினமும் வேலியோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா எனக்குத் தலை பின்னுவதைக்கூட வீட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மல்லாட்டை பிடுங்கி முடித்த ஒரு சாயங்காலம் பெரியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு இனிமே பொண்ணு பொறக்காது. வாங்கினதக் குடுத்துடு."

"இன்னாக்கா பேசற நீ?" என்றாள் அம்மா.

"ஒம் பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் போயிடறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் என் பாவாடை சட்டைகளை மடித்து எடுத்து வந்தாள். பாவி, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? செத்தா போயிருப்பேன்?

சில வருஷம் கழித்து ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தார்கள். அம்மாவுக்கு அதற்குப் பிறகும் பிள்ளை இல்லை. நான் பெரியம்மா வீட்டு வாசலுக்குச் சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பேசுவது நன்றாகவே கேட்டது.

"எத்தினி புள்ளைங்கம்மா?"

"ரெண்டு பொறந்துச்சு. ரெண்டும் போயிடுச்சு."

"இப்ப?"

"யாரும் இல்லீங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, நான் இருக்கிறேனா என்று வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.