பத்தாயிரத்து ஏழு வெற்றிலை

பூந்தமல்லி ஆரம்பப் பாடசாலையில் கணக்கு வாத்தியாராக இருந்த தசரதன், எதையும் வகுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். வண்டி நம்பர், கோயில் படி, மரத்து மாங்காய், எதைக் கண்டாலும் மூன்றால் போகுமா, ஏழால் போகுமா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். யாருக்கும் தொந்தரவில்லாத பைத்தியம்தான்.

1931-இல் இளைய மகள் வடிவுக்கும் அயனம்பாக்கத்து ஆனந்தனுக்கும் நிச்சயம் குறித்தார்கள். அவர்கள் வழக்கப்படி பெண் வீட்டார் நூறு கவுளி வெற்றிலை அடுக்கி, மேலே ஒற்றை வெற்றிலை வைக்க வேண்டும். கவுளிக்கு நூறு, ஆகப் பத்தாயிரத்து ஒன்று. ஒன்று கூடினால் எண் பிரியாது, எண் பிரியாவிட்டால் ஜோடியும் பிரியாது என்று நம்பிக்கை. மூத்தவள் அன்னம்மாளுக்கும் அப்படித்தான் வைத்தார். அவள் இரண்டே வருஷத்தில் புருஷனை விட்டு வந்துவிட்டாள்.

இந்த முறை தசரதன் சிலேட்டோடு உட்கார்ந்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். மூன்று, ஏழு, பதினொன்று என்று எதற்கும் மசியாத அந்த எண், எழுபத்து மூன்றிடம் சிக்கியது. நூற்று முப்பத்தேழு தடவை, மிச்சம் பூஜ்யம். அன்னம்மாள் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து மனுஷன் அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தடுத்த எண்களைப் பார்த்தார். பத்தாயிரத்து ஏழு எதாலும் வகுபடவில்லை. நிச்சயத்தன்று மேலே ஏழு வெற்றிலை வைத்தார்.

மாப்பிள்ளையின் அத்தை வேம்புலியம்மாள் அதை எண்ணினாள். வாத்தியாருக்கே கணக்குத் தப்பிவிட்டது என்று சிரித்தபடி, ஆறு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில் அடக்கிக்கொண்டாள்.

தசரதன் பதறி எழுந்தார். மறுபடி ஆறு வைக்காமல் தட்டு மாற்ற மாட்டேன் என்றார். ஏழு வைத்தால் ஏழரைச் சனிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி, வைத்தால் நாங்கள் கிளம்புகிறோம் என்றாள் அத்தை. ஆனந்தனின் அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த வடிவு நிமிர்ந்தாள்.

"பத்தாயிரத்து ஒண்ணு எத்தினியால போவுது நைனா?"

"எழுவத்தி மூணால. நூத்தி முப்பத்தேழால."

"நாங்க ரெண்டு பேருதானே. ரெண்டால போவுதா?"

முதல் வகுப்புப் பிள்ளை சொல்கிற பதில் அது. தசரதன் சொன்னார்.

"போவாது."

"அப்போ போதும் நைனா."

தட்டு மாறியது. வேம்புலியம்மாள் இன்னொரு வெற்றிலைக்குக் கை நீட்டியபோது மட்டும் தசரதன் குறுக்கே போய் அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒன்று குறைந்தால் பத்தாயிரம், அது இரண்டால் போய்விடும்.

எல்லாரும் போன பிறகு அன்னம்மாள் அவருக்கு இலை போட்டாள். வடிவு கேட்டதையெல்லாம் அவள் அடுப்படியிலிருந்து கேட்டிருந்தாள்.

"எனக்கு வெச்சதும் ரெண்டால போவாதுதான் நைனா. அவன் குடிச்சிட்டு அடிச்சான், நான் வந்துட்டேன். அதுக்கு வெத்தல இன்னா பண்ணும்?"

சிலேட்டை எடுத்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத தசரதன், அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.