சூடம் ஆகாத மருந்து

போன வாரம் எங்கள் ஈசூன் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் ஒரு டாக்டர் பெண் என் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். என் கடைசி மகளைவிடச் சின்னவள். பத்து நாளாகச் சோறு நெஞ்சுக்குழியிலேயே நிற்கிறது என்று சொல்லியிருந்தேன். அவள் எழுதிக்கொண்டே கேட்டாள்: "மனசுல ஏதாச்சும் கவலை இருக்கா, ஆண்ட்டி? ஸ்ட்ரெஸ் இருந்தாலும் கேஸ்ட்ரிக் வரும்."

"எனக்கென்ன கவலை, அதெல்லாம் ஒன்னுமில்ல லா" என்றேன்.

வெளியே வந்து மருந்துக்காக உட்கார்ந்தேன். அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை ஒரு காலத்தில் நாள் முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். சிங்கப்பூர் என்ற பெயரையே சியோனான் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், ஹோமியோபதி டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் என்று நாங்கள்தான் சொன்னோம். சண்டைக்கு முன்னால் ஆபீஸ் கிளார்க்காக இருந்து, புத்தகம் வரவழைத்து வைத்தியம் படித்தவர். வேறெங்கும் மருந்து கிடைக்காததால் அவரிடம் கூட்டம் அலைமோதியது. நோயாளி சொல்வதை எழுதுவது என் வேலை. சம்பளம் சில நாள் மரவள்ளிக்கிழங்கு, சில நாள் கருவாடு.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வயிறுதான். சுண்ணாம்பு கலந்த அரிசியும் கிழங்கும் தின்றால் வேறென்ன வரும் என்று நான் நினைப்பேன். டாக்டர் அப்படி விடமாட்டார். மூன்று கேள்வி கேட்பார். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, தொடங்குவதற்கு முன் மனதுக்கு என்ன ஆனது. இரண்டாவது கேள்வியில் தினமும் ஒரு கூத்து நடக்கும். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்களே. நாலு மணிக்கு வலிக்குது என்று யாராவது சொன்னால், பழைய நாலா புது நாலா என்று நான் கேட்க வேண்டும். வயிறு பழைய நேரத்திலேயே இருந்தது.

மூன்றாவது கேள்விக்குத்தான் ஆட்களுக்குக் கோபம் வரும். டோபி காட் பக்கமிருந்து வந்த ஒரு சலவைக்காரர், "பேதின்னு வந்தா எதுக்கு அழுதேன்னு கேக்குறீங்க. அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று எழுந்தே விட்டார்.

"உங்களுக்குத் தெரியாது. உங்கட வயித்துக்குத் தெரியும். இருங்கோ" என்றார் டாக்டர். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதர், ஜப்பான்காரர்கள் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போன தன் தம்பி திரும்பவில்லை என்று சொன்னார்.

மருந்து கடுகளவு சர்க்கரை உருண்டை. அந்த உருண்டையும் தீர்ந்து வந்ததால் ஒன்றைத் தண்ணீரில் கரைத்து ஒரு குடும்பத்துக்கே கொடுப்பார். கரைக்கக் கரைக்க வீரியம் கூடும் என்பது அவர் சாஸ்திரம். அப்படியென்றால் எங்கள் வீட்டுக் கஞ்சி உலகத்திலேயே வீரியமான கஞ்சி என்று நான் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது வாய் அதிகம்.

எனக்கு ஒரே அக்கா. அத்தான் தண்ணீர்க் குழாய் மாட்டும் வேலையில் இருந்தார். ஒரு நாள் காலையில் கிழங்கு வாங்கப் போனவரை, வழியில் ஜப்பான்காரர்கள் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். இப்போது தாய்லாந்து என்கிறார்களே, அந்தச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகப் பிறகு தெரிந்தது. அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அக்கா தினமும் பொழுது சாயும்போது முருகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றுவாள். கட்டி தீர்ந்துவிடக் கூடாது என்று நகத்தால் கிள்ளி, ஒரு மிளகு அளவுதான் வைப்பாள். ஆனால் சாப்பிட்டது எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. கஞ்சித் தண்ணீர்கூட வெளியே வந்துவிடும். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள்.

அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது கேள்விக்கு, எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னாள். "அவரு அன்னைக்கு வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் போகச் சொன்னேன். எனக்குப் பசிச்சுது." சொல்லிவிட்டு அப்படி அழுதாள். என்னால் எழுத முடியவில்லை.

மருந்து கொடுத்துவிட்டு டாக்டர் பத்தியம் சொன்னார். "கோப்பி ஆகாது, பச்சை வெங்காயம் ஆகாது, பெருங்காயம் ஆகாது. கற்பூரம் கிட்டவும் இருக்கப்படாது, பிள்ளை. மருந்தை முறிச்சுப் போடும்." இல்லாத காப்பியையும் பெருங்காயத்தையும் விடுவதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது சூடம் ஒன்றுதான்.

அக்கா மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. "விளக்கு ஏத்துறியே, போதாதா? நீ உசுரோட இருந்தாத்தானே அத்தான் வந்து பாக்க முடியும்" என்று இரண்டு நாள் நச்சரித்தேன். கடைசியில் மிச்சக் கட்டியை அவளே என் கையில் கொடுத்தாள். ஆனி மாதக் கடைசி அது. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அக்கா தேறினாள். கஞ்சி தங்கியது, பிறகு கிழங்கு தங்கியது. எண்ணெய் தேய்த்துத் தலை வாரிக்கொண்டாள். உருண்டையின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் வாய்விட்டு அழுததுதான் மருந்து என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவ்வளவு புத்தி இல்லை.

மறு வருடம் ஒரு நாள் காலையில், சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கால் முழுக்கப் புண். அத்தானோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். "வாந்திபேதி, தாயி. ரெண்டே நாளு" என்றார். அக்கா அழவில்லை. எந்த மாதம் என்று கேட்டாள்.

"போன வருசம் ஆடி பொறந்து பத்து நாள் இருக்கும். மழை விடாமப் பெஞ்சுது."

அவர் போன பிறகு அக்கா என்னிடம், "சூடத்த நிறுத்தி ஒரு மாசங்கூட ஆகல" என்றாள்.

"விளக்கு ஏத்திக்கிட்டுத்தானே இருந்தே?"

"விளக்கு வீட்டுக்கு. சூடம் அவருக்கு. அன்னைக்கும் என் வயித்தத்தான் பாத்தேன். மறுபடியும் அதத்தான் பாத்திருக்கேன்."

அன்று மத்தியானமே வாந்தி திரும்பிவிட்டது. இந்த முறை அவளாகவும் சாப்பிட மறுத்தாள். தட்டை நீட்டினால் அருவருப்போடு பார்ப்பாள். டாக்டரே வீட்டுக்கு வந்தார். நான் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல வெகுநேரம் காத்திருந்தார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி, "ஒன்னுமில்ல" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உமக்கு ஏதும் தெரியுமோ, பிள்ளை? காரணம் தெரியாமல் நான் என்னத்தைக் குடுக்கிறது?"

எனக்குத் தெரியும். சொன்னால் அவர் போட்ட பத்தியத்தால் வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதைவிட, இரண்டு நாள் நச்சரித்து அந்தச் சூடத்தைப் பிடுங்கியவள் நான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். "புருஷன் போன துக்கந்தான், டாக்டர்" என்றேன். நோட்டிலும் அதையே எழுதினேன். துக்கத்துக்கு உள்ள மருந்தைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்கழியில் அக்கா போய்விட்டாள். அந்தச் சர்க்கரை உருண்டை அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பேச வைத்திருப்பார். அவளும் முதல் தடவை மாதிரி அழுதிருப்பாள்.

சண்டை முடிந்ததும் டாக்டர் யாழ்ப்பாணம் போனார், கடிதம் இல்லை. அந்தக் கடைவீட்டு வரிசையை இடித்துவிட்டார்கள். நோட்டுகள் காகிதப் பஞ்சத்தில் கடலை மடிக்கப் போயின. கடிகாரங்களும் பழையபடி திரும்பிவிட்டன. வெள்ளிக்கிழமை என் மருமகள் சூடம் காட்டும்போது நான் அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி சமையலறைக்குப் போய்விடுவேன். மாமியாருக்குப் பக்தி இல்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

கிளினிக்கில் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் பெண்ணின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. அவள் அடுத்த ஆளின் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் கவுண்டருக்குப் போய், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.