மாஸ் ஹுனி

அக்காளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மாலத்தீவில் ஏதோ ஒரு சின்னத் தீவில் டீச்சர். தொண்ணூறுகளில் ஒருமுறை, ஒரு மாத லீவில் பாறசாலைக்கு வந்திருந்தபோது, குன்னத்துகாலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அம்மை அழுதாள். அக்காளின் முதுகு மேலே லேசாக வளைந்திருக்கும். தரகர் அதை அவர்களிடம் சொல்லவில்லை. சுவரோடு சேர்த்து நாற்காலி போட்டு அவளை உட்காரவைப்பது என்று வீட்டில் முடிவாயிற்று.

பதினொரு மணிக்கு வருகிறவர்களுக்கு, தீவுக்காரர்கள் காலையில் தின்பதையே நான் செய்கிறேன் என்றாள் அக்காள். புட்டும் பயறும் போதாதாம் துரைசானிக்கு! காலையிலிருந்து எனக்குத் தேங்காய் துருவுகிற வேலை.

"என்னட்டி இது, மாட்டுக்கா துருவுத? இன்னும் பொடியா துருவு."

மூன்று தடவை சொல்லிவிட்டாள். எனக்கு இருபது வயது, மூக்கு நுனியில் கோபம். துருவலோடு உள்ளி, பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் பிசைந்து, அங்கிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாட்டை உதிர்த்துச் சேர்த்தாள். அடுப்பில் வைக்கவே இல்லை. கூடத் தின்ன மெல்லிசாக மைதா ரொட்டி.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு வாய் தின்றார். "கொள்ளாமே! இதுக்குப் பேரென்ன மக்களே?"

"மாஸ் ஹுனி, மாமி."

"என்னது, கூனியா?"

அக்காள் வாயைத் திறக்குமுன் கதவடியில் நின்ற நான் சொன்னேன்: "கூனி அவளாக்கும் மாமி. இது வெறும் தேங்காயும் மாசியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறே. மாமி தட்டைக் கீழே வைத்தார். "மக்களே, எழும்பி அந்தத் தண்ணிய இஞ்ச எடு," என்றார். செம்பு அறையின் அந்தக் கோடியில் இருந்தது. அக்காள் எழுந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நடந்துபோய், எடுத்துவந்து கொடுத்தாள். பாவி, எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுவாரம் தரகர் வந்தார். "மூத்தது வேண்டாமாம். இளையவளத் தருவியளான்னு கேக்குதாவ."

அம்மை என் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை பார்க்க நன்றாக இருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்காள் லீவை நீட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று எனக்குச் சேலை கட்டிவிட்டது அவள்தான். என் காலடியில் உட்கார்ந்து கொசுவத்தை இழுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நான் தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி நின்றேன்.

"நேரே நில்லு மக்கா," என்றாள். "மாமிக்குச் சந்தேகம் வந்துரும்."