கவிழ்த்த இட்லித் தட்டின் மேல் ஒரு லேப்டாப்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பகல் கல்யாணம். பெண் வீட்டுக்கு டிஜே நான். மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, எண்ணெய் வழியும் சுருட்டை முடி. தகரப் பந்தல் அனலாகக் கொதித்தது. அவர் ஓர் இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்தார். அடியில் காற்று ஓட அது போதுமாம். அப்புறம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தோடு ஆடப் போய்விட்டார்.

நானோ ஃபேனைத் திருப்பி வைத்து, நிமிஷத்துக்கொரு தரம் அடியைத் தொட்டுப் பார்த்தும், என் லேப்டாப் பாதிப் பாட்டில் நின்றது. கூட்டம் ஊளையிடுவதற்குள் அவர் ஓடி வந்து தன் பாட்டைப் போட்டுவிட்டார். எனக்கு அடுத்த ஆர்டர் தருவதாகச் சொன்னவர்கூட அவர் பக்கம் போய் ஆடினார்.

“ஒங்களுது நின்னா இன்னா பண்ணுவீங்கண்ணா?” என்று கேட்டேன்.

“நானே மைக்க புடிச்சிப் பாடிடுவேன் மச்சான்.”

“பாட வருமா?”

“வராது. அந்தப் பயத்துலதான் அது நிக்காம ஓடுது!”

ஒரு தடவையாவது நிற்காதா என்று கடைசிப் பாட்டு வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. ஒருவேளை அந்த மனுஷன் நன்றாகவே பாடுவாரோ என்று நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.