பதுங்கு குழிக்குள் விழுந்த பட்டன் ரோஜா

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆவடியில் ராணுவ முகாம் வந்ததும், குண்டு விழும் என்ற பயத்தில் என் கணவர் கொல்லையில் பதுங்கு குழி வெட்டினார். அதன் ஓரத்தில் கருஞ்சிவப்புப் பட்டன் ரோஜாவைத் தொட்டியில் வளர்த்தேன். அதற்குக் காலை வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது, வாடிய பூவை உடனே கிள்ளிவிட வேண்டும்.

ஒரு காலையில் பூக் கிள்ளும்போது அபாயச் சங்கு ஊதியது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நிறைமாத வயிற்றோடு நான் குழிக்குள் இறங்க, நாத்தனாரும் பின்னாலேயே இறங்கினாள். விமானம் கூரையை உரசுவதுபோல் போனது. ஓரத்து மண் சரிந்து, தொட்டி எங்கள் நடுவே விழுந்து உடைந்தது.

"அண்ணி, உங்க கையெல்லாம் ரத்தமா கீது!" என்று நாத்தனார் அலறினாள்.

"ரத்தம் இல்லடி, பூவோட இதழு" என்றேன்.

ஆனால் வயிற்றில் குழந்தை அசையவில்லை. சங்கு ஓய்ந்து மேலே வந்த பிறகும் அசையவில்லை. வயிற்றில் கைவைத்தபடி மத்தியானம்வரை கிடந்தேன். சோற்றைக் கையில் எடுத்தபோதுதான் ஓர் உதை விழுந்தது. அப்போதுதான் அழுதேன்.

மாலையில் கணவர், "அது நம்ம பிளேன்தான், ஒத்திகை" என்றார். அவர் குழியிலிருந்து எடுத்துத் தந்த செடியை வேர் காய்வதற்குள் வேறு தொட்டியில் நட்டு நிழலில் வைத்தேன். அந்தக் குழிக்குள் மட்டும் நான் மறுபடி இறங்கவேயில்லை.