புது பென் டிரைவும் செத்துப்போச்சா?

இன்னைக்கு சாயங்காலம் நாலே முக்காலுக்கு, திருக்கனூர்ல நம்ம ஜெராக்ஸ் கடைக்கு மண்ணாடிப்பட்டு அங்கன்வாடி டீச்சரக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. வேலை விண்ணப்பம். அஞ்சு மணியோட சைட்டை மூடிடுவான். சர்டிபிகேட்டை ஏத்துறது மட்டும்தான் பாக்கி, அது பென் டிரைவ்ல இருக்கு.

சொருகினேன். லைட் எரியுது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல.

"டிரைவ் செத்துப்போச்சுக்கா."

"இன்னாபா சொல்ற? மத்தியானம் நல்லா தொறந்துச்சே!"

"சீப்பான மாடலு, இப்படித்தான் திடீர்னு போவும்"னு பாடம் எடுத்தேன். அதோட நிக்காம, கடைல விக்கிற புது டிரைவைப் பிரிச்சு, "நல்லதுன்னா எப்படி வரும் பாருங்க"ன்னு சொருகினேன்.

அதுவும் வரல.

அக்கா என்னை நிமிந்து பாத்தாங்க. "புதுசும் செத்துப்போச்சா?"

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. போன வாரம் யாரோ ஒருத்தன் மத்தவங்க ஆதார் காப்பியை பென் டிரைவ்ல அள்ளிட்டுப் போனான்னு, கடை கம்ப்யூட்டர்ல எந்த பென் டிரைவும் தெரியாதபடி, லினக்ஸ் கெர்னல் யுஎஸ்பி ஸ்டோரேஜையே ஏத்தக்கூடாதுன்னு செட்டிங்ல ஒரு வரி எழுதி வெச்சது நான்தான். மறந்தே போச்சு.

அந்த வரியை அழிக்கப் போனா, பதட்டத்துல பாஸ்வேர்டு ரெண்டு தடவை தப்பு. ஒருவழியா டிரைவ் தெரிஞ்சு, நாலு அம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போச்சு.

கிளம்பும்போது அக்கா சொன்னாங்க: "கதவை நீயே பூட்டிட்டு, வந்தவளுக்குக் கால் இல்லன்னுட்டியேபா."

கடை வாசல்ல "பென் டிரைவ் பழுது பார்க்கப்படும்"னு போர்டு தொங்குது. இருக்கட்டுமா, கழட்டிடவா?